தகவல் ஓர் அமானிதம்: அம்பாறைக் கரையில் ஆய்வுக் குழுக்களும் அவற்றின் அறமும்

அக்கரைப்பற்று நகரில், கடலுக்கு முதுகைக் காட்டி உள்நோக்கிப் போகிற தெரு ஒன்றுக்குச் சாகாமம் வீதி என்று பெயர். கடைகளும் வீடுகளும் குறைந்து வயல்வெளி தொடங்கும் இடத்துக்கும் அப்பால் சாகாமம் குளம் இருக்கிறது. அந்தப் பக்கத்து வயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் வரப்புக்கு வரப்பு அயலாராக இருந்து வந்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் வயலுக்குப் போய்வருவதே உயிரைப் பணயம் வைக்கிற வேலையாகிவிட்டது.

ஆய்வுக்கு வருபவர்கள் அதிகம் போகாத பக்கமும் இதுதான். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்குப் போகும் பெருந்தெரு கடலை ஒட்டியே ஓடுகிறது. வாகனத்தில் வருகிற குழு அந்தத் தெருவோரத்து ஊர்களில் இறங்கும், பேசும், பொழுது சாய்வதற்குள் புறப்பட்டுவிடும். கிராம அபிவிருத்தி பற்றி 1983-இல் எழுதிய நூலில் ரொபர்ட் சேம்பர்ஸ் இந்தப் பழக்கத்துக்குத் தார்வீதிச் சாய்வு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். பாதை காய்ந்திருக்கும் மாதங்களில் மட்டும் வந்து பார்த்துப் போவதையும் இன்னொரு சாய்வாகக் குறித்தார். நம் கரைக்கு இரண்டும் அப்படியே பொருந்தும். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. வாய்க்கால் உடைவதும், விதைத்த நெல் அழுகுவதும், கூலிவேலை இல்லாமல் போவதும் அந்த மாதங்களில். குழுக்கள் வருவதோ ஆனியிலும் ஆடியிலும்.

இந்தக் குழுக்களின் முன்மொழிவுகளைப் படித்தால் மரியாதை, சமத்துவம், பங்கேற்பு, நேர்மை என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். எழுதியவர்கள் அவற்றை மனமார நம்பியே எழுதுகிறார்கள் என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒருவர் மனதில் இருக்கும் நல்லெண்ணம் பத்துப் பேர் கொண்ட குழுவின் நடத்தையாகத் தானாக மாறிவிடுவதில்லை. அதற்கு இடையில் யாராவது உட்கார்ந்து சில காரியங்களைத் தீர்மானித்தாக வேண்டும். யார் எந்த ஊரில் தங்குவது, எந்த மொழியில் கேட்பது, எதை எழுதாமல் விடுவது, யாருடைய பெயரைப் போடுவது, முடிந்தபின் யார் திரும்பி வந்து சொல்வது. அம்பாறை மாவட்டத்தில் நடந்த சில பெரிய ஆய்வுகளை இந்தக் கேள்விகளோடு பார்க்கும்போது, விழுமியம் எங்கே பிழைத்தது, எங்கே செத்தது என்பது ஓரளவு துலங்குகிறது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'விழுமியம்' நல்ல சொல்தான். வயலில் நிற்கும் ஒருவரிடம் அதைச் சொன்னால் அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். அவரிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. முஸ்லிம் ஊர்களில் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பார்கள். அதை வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர் ஆகமாட்டார். கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து எடுத்துச் செலவழிப்பது பாவம். மற்றவருக்குச் சேரவேண்டிய பங்கு ஹக். கூடிப் பேசி முடிவெடுப்பது மஷூரா. தமிழ் ஊர்களில் 'சொன்ன சொல்', 'பழி', 'முறை' என்ற சொற்களுக்கு அதே கனம் இருக்கிறது. ஒரு குழுவில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் வேலை செய்யும்போது அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறம் இந்தச் சொற்களில்தான் வருகிறது. தகவல் பாதுகாப்பு என்று அரை நாள் வகுப்பு எடுப்பதைவிட, 'அந்த உம்மா சொன்னது உங்களிடம் இருக்கிற அமானிதம்' என்று ஒரு வசனம் சொன்னால் வினாக்கொத்தை மோட்டார் சைக்கிள் கூடையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற பிள்ளை திரும்பி ஓடிவந்து எடுத்துக்கொள்ளும்.

இந்த மாவட்டத்தில் ஓர் ஆய்வுக் குழு தன் அறத்தை வேலைமுறையாகவே ஆக்கிக்கொண்ட மிகத் தெளிவான உதாரணம் கல்லோயா. கல்லோயாத் திட்டம் 1949-இல் தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து நீர் வந்தது, குடியேற்றங்கள் வந்தன, அவற்றோடு கசப்பும் வந்தது. 1956 ஜூனில் தமிழர்மீது வன்முறை நடந்த இடங்களில் கல்லோயாவும் ஒன்று. முப்பது ஆண்டுகள் போனபின் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்துகிடந்தன. தலைப்பக்கத்தில் இருப்பவர் வேண்டிய அளவு பாய்ச்ச, கடைக்கோடியில் இருப்பவர் காய்ந்துபோனார். தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். வால்பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகள். நீர்ப் பிரச்சினைக்குள் இனப் பிரச்சினையும் கரைந்திருந்தது.

1980-களின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கே ஒரு செயல் ஆய்வைத் தொடங்கின. கோர்னெல் பக்கத்தில் நோர்மன் அப்ஹொஃப். நிறுவகத்தின் பக்கத்தில் முக்கியமானவர்களில் ஒருவர் சி. எம். விஜயரத்ன. இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகச் சேர்த்து 1981-இல் களத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு அலுவலகம் இல்லை. விவசாயிகளின் நடுவிலேயே தங்கவேண்டும். வீடு வீடாகப் போய்ப் பேசவேண்டும். கூட்டம் கூட்டிச் சங்கம் அமைத்துத் தலைவர் தெரிவுசெய்கிற வழக்கமான ஒழுங்கைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் வேலை, பிறகு அமைப்பு. ஒரு வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அந்த வாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவு செய்வார்கள். முறைவைத்து நீர் பாய்ச்சுவார்கள். மிஞ்சுவதைக் கீழே விடுவார்கள். அதற்குப் பின்னர், தேவை என்று அவர்களே உணர்ந்தால், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரைப் பிரதிநிதியாக்குவார்கள். அந்தப் பிரதிநிதிக்குச் சம்பளம் கிடையாது.

இதில் நான் வியப்பது அந்தக் குழு தன்னைத் தானே நடத்திக்கொண்ட விதத்தை. விவசாயிகளிடம் கேட்ட பண்பைத் தங்களுக்குள்ளும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அமைப்பாளர்கள் சிறு குழுக்களாக இயங்கினார்கள், தங்களுக்குள் கூடிப் பேசினார்கள், தவறிய இடங்களை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். மேலிருந்து கட்டளை வாங்கும் ஒருவரால் கீழே போய்ப் பங்கேற்பை வளர்க்க முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். நட்பு, தாராளம், பிறர் நலம் நாடுதல் போன்றவை சமூக விஞ்ஞானத்தின் கணக்கில் சேரவேண்டிய விசைகள் என்று அப்ஹொஃப் பின்னாளில் எழுதினார். 1992-இல் வந்த அவருடைய கல்லோயா நூல் முழுவதும் அந்த வாதம் ஓடுகிறது. அந்த நம்பிக்கைக்கு மண்ணில் சான்று கிடைத்தது. நீர் குறைந்த பருவங்களிலும் தலைப்பக்கத்து விவசாயிகள் கீழே இருப்பவருக்கு நீர் விட்டார்கள்.

மிகப் பெரிய சான்று ஆய்வுக் குழு போய்ப் பல ஆண்டுகளின் பின்னர் வந்தது. 1997 சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் இருந்த நீர் 15,000 ஏக்கருக்குத்தான் போதும் என்று பொறியியலாளர்கள் கணக்கிட்டார்கள். பகிர்ந்து பாய்ச்சிக்கொள்கிறோம் என்று விவசாயிகளின் அமைப்புகள் கேட்டு நின்று, இடதுகரையின் 65,000 ஏக்கரையும் விதைத்தன. விளைச்சலும் நன்றாக வந்தது. மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுடன் நீரைப் பகிர்ந்தார்கள். அதுவும் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில். இதை அப்ஹொஃபும் விஜயரத்னவும் 2000-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். ஒரு குழுவின் அறம் அந்தக் குழு இல்லாத இடத்திலும் வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதே கல்லோயாவில் ஒரு பெரிய குறையும் இருந்தது. களத்தில் வாழ்ந்து அந்த வேலையைச் செய்த அமைப்பாளர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஒப்பந்த அடிப்படையில் இருந்தார்கள். ஆசிரியர் நியமனம் போன்ற நிலையான வேலை வந்ததும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறைசொல்ல முடியாது. பிறருக்கு நியாயம் கேட்கப் போன பிள்ளைகளுக்குத் தங்கள் எதிர்காலத்தில் நியாயம் கிடைக்கவில்லை. குழுவின் விழுமியம் வயல்வரை போயிற்று. சம்பளப் பட்டியலுக்கு வரவில்லை. இந்த ஒரு விடயத்தில் 1981-க்கும் இன்றைக்கும் நம் கரையில் பெரிய வேறுபாடு இல்லை.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எல்லாம் மாறியது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கு ஊர் கபுறடிகளும் சுடலைகளும் நிரம்பின. நிவாரணத்தோடு ஆய்வும் வந்தது. ஒரே தாயிடம் ஒரே கதையை ஐந்தாறு குழுக்கள் கேட்டன. கேட்பவர் நிவாரணம் கொடுக்க வந்தவரா, கணக்கெடுக்க வந்தவரா, கட்டுரை எழுத வந்தவரா என்று தெரியாத நிலையில் எல்லாருக்கும் எல்லாப் பதிலும் சொல்லப்பட்டது. சொல்லாவிட்டால் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தின்மேல் வாங்கிய கையொப்பத்துக்குத் தகவலறிந்த ஒப்புதல் என்று பெயர் வைத்தார்கள்.

இதை அப்போதே எடுத்துச் சொன்ன இலங்கையர் இருந்தார்கள். உளமருத்துவர் அத்துல சுமதிபாலவும் மருத்துவர் சிசிர சிரிபத்தனவும் 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் சுனாமிக்குப் பிந்திய ஆய்வின் அறம் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். வறிய நாடுகளில் 'சுதந்திரமாகக் கொடுத்த ஒப்புதல்' என்ற சொல்லின் பொருள் என்ன என்பதையும் அவர்கள் தொடர்ந்து விவாதித்தார்கள். அவர்களுடைய கேள்வி என் அனுபவத்தோடு பொருந்துகிறது. அந்தக் காலத்தில் நான் ஒரு குழுவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'நீங்கள் எந்த நேரமும் நிறுத்தலாம்' என்ற வசனத்தைத் தமிழில் சொன்னபோது, எதிரே இருந்த வயதான தாய், 'நிறுத்தினா வீடு வராதோ மகன்?' என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் மொழிபெயர்த்தேன். பதில் வரவில்லை, அடுத்த வினாவுக்குப் போனோம். அந்த அறிக்கை எங்கே அச்சானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கேட்கும் முறை இருக்கட்டும், கேள்விக்குள்ளேயே ஒரு பெரிய தவறு இருந்தது. படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதில் ஆண் பெயரை எழுதுவது வழக்கம். இந்தக் கரையிலோ வீடு பெண்ணுக்குரியது. தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாய்வழியாக வரும் குடி முறை இரண்டு சமூகங்களிலும் இருக்கிறது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 1969-இலேயே அக்கரைப்பற்றுக்கு வந்து இதை ஆராயத் தொடங்கினார். அவருடைய பெருநூல் வந்தது 2008-இல். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். சுனாமிக்குப் பின் அவரும் பற்றீஷியா லோறன்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை, புதிய வீடுகளை மக்கள் மகளின் சீதனமாகவே கனவு கண்டதை விளக்குகிறது. நாற்பது ஆண்டு உறவு இருந்ததால் அந்தக் குழுவுக்குக் கட்டத்துக்குள் அடங்காத பதில் கேட்டது. ஒரு வாரம் வந்து போன குழுக்கள் ஆண் பெயரை எழுதிக்கொண்டு போயின. அந்தப் படிவங்களை வைத்து வீட்டு உரிமை எழுதப்படும்போது ஒரு தாயின் வழிவழிச் சொத்து ஒரு கட்டத்தின் அகலத்தில் மறைந்துவிடும். பெண்களை மதிக்கிறோம் என்று முன்மொழிவில் எழுதிய குழுக்களும் இதைச் செய்தன. அவர்கள் மனதில் மரியாதை இருந்தது, படிவத்தில் இருக்கவில்லை.

குழுவுக்குள்ளேயே வேறுபாடு இருப்பது இந்தக் கரையில் ஓர் அலங்காரமன்று, தேவை. 2005-இல் புவியியலாளர் சாஹுல் ஹஸ்புல்லா, பேராசிரியர் பாலசுந்தரம்பிள்ளை, சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வா மூவரும் சேர்ந்து வடக்கு கிழக்கின் காணிப் பிரச்சினை பற்றி ஒரு விரிவான ஆய்வைத் தந்தார்கள். ஒரு முஸ்லிம், ஒரு தமிழர், ஒரு சிங்களவர். காணி என்று வந்துவிட்டால் கிழக்கில் ஒவ்வொரு சமூகத்திடமும் ஒவ்வொரு வரைபடம் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். 2015-இல் வந்த இன்னொரு நூல் இந்த வழியில் மேலும் போனது. சோதனைச்சாவடி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்ற நான்கையும் தலைப்பில் வைத்த அந்த ஆங்கில நூலின் ஆசிரியர்கள் ஆறு பேர்: ஜொனதன் ஸ்பென்சர், ஜொனதன் குட்ஹான்ட், ஹஸ்புல்லா, பார்ட் கிளெம், பெனடிக்ற் கோர்ஃப், சில்வா. கிழக்கில் போரும் சமாதானமும் நடந்த காலத்தில் மதத் தலைவர்களும் நிறுவனங்களும் என்ன செய்தார்கள் என்பது பொருள். கூட்டு இனவரைவியல் என்று தங்கள் வேலையை அவர்களே அழைத்தார்கள். தனி ஒருவர் ஓர் ஊரில் போய் இருந்து தனியே எழுதுவது மானிடவியலின் பழைய பெருமை. அந்தப் பெருமையை ஆறு பேர் விட்டுக்கொடுத்ததே ஒரு விழுமியத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான்.

ஹஸ்புல்லாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அது அவருடைய சொந்த மக்களின் வெளியேற்றம். அந்த மக்கள் இழந்தவற்றை அவர் பொறுமையாக, எண்ணிக்கையோடு ஆவணப்படுத்தினார். மறக்கப்பட்ட மக்கள் என்ற பொருள்படும் தலைப்பில் 2001-இல் நூலாக்கினார். அதே மனிதர் தமிழ் அறிஞர்களோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்தார். வடக்கின் தமிழரும் முஸ்லிம்களும் மறுபடி அயலாராக வேண்டும் என்பதைக் கைவிடவே இல்லை. தனிப்பட்ட காயம் ஓர் ஆய்வாளரை ஒருபக்கச் சாய்வுள்ளவராக்கும் என்று சொல்வார்கள். காயத்தை மறைக்காமல் மேசைமேல் வைத்து, மற்றவர் காயத்துக்கும் அதே மேசையில் இடம் கொடுக்கிறவருக்கு அது நேர்மையின் ஊற்றாகிறது என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. அவர் 2018-இல் காலமானார்.

விழுமியத்துக்கு உயிரை விலையாகக் கொடுத்த குழு ஒன்றும் நம்மிடம் உண்டு. 1988-இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள், யாழ்ப்பாணம். ராஜன் ஹூல், கே. சிறீதரன், தயா சோமசுந்தரம், ராஜினி திராணகம நால்வரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பெயர் சொல்லி எழுதியது. உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மிஞ்சியவர்கள் நிறுத்தவில்லை. 1991 மே மாதம் வெளிவந்த அவர்களுடைய ஏழாவது அறிக்கை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பற்றியது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நேர்ந்தவற்றை அது பதிவுசெய்தது. பொய்யைத் தவிர்ப்பது என்ற ஒரே விழுமியத்தில் உடன்பட்டவர்கள், அதற்கான விலையையும் சேர்ந்தே சுமந்தார்கள். நாம் நடத்தும் சாதாரண ஆய்வுகளுக்கு இதை அளவுகோலாக வைக்க நான் கேட்கமாட்டேன். ஆனால் ஆபத்து வரும்போது அது குழுவில் யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே பேசிவைப்பது எந்தக் குழுவுக்கும் கடமை.

ஆபத்து என்பது பழங்கதையுமன்று. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களுக்கு ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் முஸ்லிம் வீடுகளில் கேள்வி கேட்க வருபவர் யார் என்ற அச்சம் குடியேறியது. மார்க்கக் கல்வி பற்றி, உடை பற்றி, வெளிநாட்டுத் தொடர்பு பற்றிக் கேட்கும் ஆய்வாளரும் புலனாய்வுக்காரரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வேறுபாடு, பதில் எங்கே போகிறது என்பதில். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டத்தை இலங்கை 2022-இல் இயற்றியது. சட்டம் நல்லது. அதற்கு முன்னரே ஒரு குழு தனக்குள் முடிவெடுக்கலாம்: பெயரை எழுதாமல் விடுவது, ஊரை மாற்றி எழுதுவது, சில பதில்களைக் கேட்டுவிட்டுக் குறிப்பேட்டில் இடாமலே வருவது. எழுதாமல் விடுவதும் ஆய்வுத் திறமைதான். அதைக் கற்றுக்கொடுக்கும் பாடநூல் குறைவு.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். கள உதவியாளர் பிள்ளைகள் வெயிலில் அலைந்து, நாய்க்கடி வாங்கி, வீட்டுக்காரரின் அழுகையைக் கேட்டு, இரவில் பதிவுகளைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறார்கள். நூல் வரும்போது நன்றியுரையில் ஒரு வரி. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையின் ஆசிரியர் என்று யாரைச் சொல்லலாம் என்பதற்கு வகுத்த விதிகள் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றவை. கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கெடுக்காதவரை அவை ஆசிரியராக ஏற்பதில்லை. எழுதும் மேசைக்கே அழைக்கப்படாத பிள்ளை அந்த விதியை எப்படி நிறைவேற்றும்? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில் மக்ஸ் லிபுவரோன் நடத்தும் ஆய்வுகூடம் வேறு வழி காட்டுகிறது. கடற்பிளாஸ்டிக்கை ஆராய்வது அவர்களுடைய வேலை. கட்டுரையில் பெயர்களின் வரிசையை எல்லோரும் உட்கார்ந்து பேசி, இணக்கத்தோடு முடிவுசெய்கிறார்கள். கழுவித் துடைத்த வேலையும் பிறரைக் கவனித்த வேலையும் அந்தக் கணக்கில் சேரும். மாதிரிகள் எந்த ஊரிலிருந்து வந்தனவோ அந்த ஊரிடம் முடிவுகளை முதலில் காட்டுகிறார்கள். வேண்டாம் என்று ஊர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. சிறிய ஏற்பாடுகள்தான். கையேட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் செய்கிறார்கள் என்பதே அவற்றின் பலம்.

ஆராயப்படுகிறவர்களே விதி எழுதிய நிகழ்வும் உண்டு. தென்னாபிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் தங்கள் மரபணு ஆய்வுகளில் பட்ட அவமதிப்புக்குப் பின் 2017-இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறியை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவை அதன் தூண்களில் நான்கு. அடுத்த ஆண்டு வந்த உலக அளவிலான நடத்தை நெறி ஒன்றும் ஏறத்தாழ அதே நான்கையே ஏற்றுக்கொண்டது. கிழக்குக் கரையின் பள்ளிவாசல் சபைகளும் கோயில் சபைகளும் மாதர் சங்கங்களும் இதுபோல் ஒன்றை எழுத முடியாதா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இவ்வளவும் சொன்னபின் ஒரு மறுப்பையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். குழு முழுவதும் ஒரே விழுமியத்தைப் பகிர்ந்தால் உண்மை கெட்டுப்போகாதா? விரும்பாத முடிவு வந்தால் மறைக்கத் தோன்றாதா? தோன்றும். நம் ஊர்களில் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. தன் சமூகத்துக்குப் பாதகமான தகவலை மெல்ல ஒதுக்கிவிடும் ஆய்வுகள் எல்லாத் தரப்பிலும் உண்டு. அதற்கு மருந்து விழுமியத்தைக் கைவிடுவதாக எனக்குப் படவில்லை. 'முறிந்த பனை'க் குழுவை வைத்திருந்தது உண்மை சொல்வது என்ற பற்று; சமூகப் பற்று அதற்குக் கீழே நின்றது. ஹஸ்புல்லாவின் மேசையில் மற்றவர் வரைபடமும் இருந்தது. மாற்றுக் கருத்துள்ள ஒருவரைக் குழுவுக்குள் வைத்து, அவருடைய மறுப்பையும் அறிக்கையில் அச்சிடும் ஏற்பாடு இருந்தால் பகிர்ந்த விழுமியம் உண்மைக்குக் காவலாகும். இல்லாவிட்டால் அது கூட்டுப் பிடிவாதம்.

இன்று இந்தக் கரைக்குச் சொந்தமாக ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. போரினால் மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாதிருந்த மாணவர்களின் நெருக்கடியும் அரசியல் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃபின் முயற்சியும் சேர்ந்து 1995-இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. அடுத்த ஆண்டே அது முழுப் பல்கலைக்கழகமானது. ஆய்வுக்காக இனி வெளியிலிருந்து குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் பிள்ளைகளே ஆய்வேட்டுக்காக நம் வீடுகளின் கதவைத் தட்டுகிறார்கள். சுனாமிக் காலத்தில் வந்துபோன குழுக்களைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதென்றால், நம் சொந்தக் குழுக்களிடம் அதே கணக்கைக் கேட்கும் கடமையும் இருக்கிறது.

ஆகவே ஒலுவிலிலும் மட்டக்களப்பிலும் மாணவரை வழிநடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கரையில் தகவல் திரட்டும் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். அதில் கள உதவி செய்தவர்களின் பெயர்கள் அவர்கள் சம்மதத்தோடு இருக்கட்டும். அந்தச் சுருக்கத்தின் ஒரு பிரதியை மாணவரே கொண்டுபோய், தகவல் தந்த ஊரின் வாசிகசாலையில், பள்ளிவாசலில், கோயில் மடத்தில் கையளித்துவிட்டு, அங்குள்ளவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்டு வரட்டும். சாகாமம் வீதி வழியாக உள்ளே போகவேண்டிய பிரதிகளை, மழைக்காலமாக இருந்தாலும், தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.